தமிழில் எளிதாகச் சொல்ல உதவி வேண்டும்: 9, 12, 14ஆம் பிரிவுகள்

வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஞாயிறுதோறும் சந்திக்கும் நம் ஊர் ஊழியர்கள் சிலருக்குச் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைச் சுதந்திரங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் வழக்கறிஞர் இல்லை. படித்துப் பார்த்தபிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

முதல் சிக்கல், எண்கள். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு 14 என்றால் இந்திய அரசமைப்பில் உள்ள சமத்துவம். இங்கே அது 12, 14 பேச்சுரிமை. அதைவிட முக்கியம், 12 "எல்லா நபர்களும்" சட்டத்தின் முன் சமம் என்கிறது, வேலை அனுமதியில் இருப்பவரும் அதில் அடங்குவார். 14 சொல்லும் பேச்சுரிமையோ குடிமக்களுக்கு மட்டும். இந்த வேறுபாட்டை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

அப்புறம் 9ஆம் பிரிவு. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் (இந்தியாவில் 24). தான் விரும்பும் வழக்கறிஞரை அவர் கலந்துபேசலாம். ஆனால் அது கைதான உடனேயே அல்ல, நியாயமான அவகாசத்துக்குள் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. "நியாயமான" என்றால் எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்லட்டும்?

இங்கே வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இருந்தால், என் இரண்டு பக்கக் குறிப்பைப் பார்த்துத் திருத்தித் தர முடியுமா? "ஆட்கொணர்வு" (சட்டவிரோதமாகப் பிடித்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது) என்ற சொல் அவர்களுக்குப் புரியுமா, வேறு நல்ல சொல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.