சிங்களம், தமிழ் இரண்டிலும் நடக்கும் கூட்டம்: உரைபெயர்ப்பை எப்படி ஏற்பாடு செய்வது? இதைத் தொழிலாகச் செய்யலாமா?

லயக்கரை:
மொழியியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன், சிங்களம் சரளமாக வரும். நுவரெலியாப் பக்கம் தோட்டத்து ஆட்களும் பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் சேர்ந்து குடிநீர்த் திட்டம் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு மொழி ஏற்பாடு கேட்கிறார்கள். 40 பேர், 3 மணித்தியாலம். எத்தனை உரைபெயர்ப்பாளர் வேண்டும், என்ன கருவி வேண்டும்? முழுநேரமாக இதில் இறங்க வழி இருக்கிறதா?

காதுக்குள்:
தனியாக ஒத்துக்கொள்ளாதீர்கள். பேசப் பேசவே உரைபெயர்க்கும்போது அரை மணி தாண்டினால் முதலில் எண்கள் பிசகும், அடுத்து ‘இல்லை’ என்ற சொல்லே விடுபட்டுப்போகும். பெயர்ப்பவருக்கே அது தெரியாது. இரண்டு பேர் வைத்து 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மாறுங்கள். மாறி உட்கார்ந்தவர் தொகை, திகதி, ஊர்ப்பெயரை எழுதி மற்றவர் கண்ணில் படும்படி நீட்ட வேண்டும்.

கருவி என்றால் சுற்றுலா வழிகாட்டிகள் பாவிக்கும் சின்ன ஒலிபரப்பியும் காதுக்கருவிகளும் போதும். இரண்டே மொழி என்பதால் ஒரு அலைவரிசையே காணும்: சிங்களம் பேசினால் தமிழ் போகும், தமிழ் பேசினால் சிங்களம் போகும். ஒலிபரப்பி இரண்டு வையுங்கள், ஒன்று பழுதானால் கூட்டமே நின்றுவிடும்.

காதுக்கருவி 40 பேருக்கும் வேண்டும், கூட நாலைந்து உபரி. செலவைக் குறைக்கத் தமிழருக்கு மட்டும் கொடுப்பார்கள். அங்கேதான் கெடுகிறது. தமிழர் சிங்களத்தைக் கேட்பார்கள், ஆனால் அவர்கள் வாய் திறந்தால் அதைக் கேட்க யாரிடமும் கருவி இல்லை. கடைசியில் ஒருவர் ‘சுருக்கமாக’ எடுத்துச் சொல்வார், பத்து நிமிடப் பேச்சு இரண்டு வரியாகிவிடும். எல்லார் காதிலும் இருந்தால்தான் அது இருமொழிக் கூட்டம்.

தொடங்குமுன் 5 நிமிடம் கருவியைப் போட்டுப் பழக்குங்கள். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும் என்பதைத் தலைவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

கொழுந்துக்கூடை:
மேலே சொன்னது சரி, ஆனால் கருவியைவிடச் சொல்தான் காலை வாரும். சிங்களமும் தமிழும் இரண்டுமே வினையை வாக்கியக் கடைசியில் வைப்பவை. அதனால் இரண்டுக்குமிடையே பின்தொடர்ந்து போவது சுகம். பொறியியலாளர் ஆங்கிலத்தில் தொடங்கினால்தான் திணறல். அவருடைய குறிப்பை இரண்டு நாள் முன்னமே வாங்கிவிடுங்கள்.

‘படி’யைக் கவனியுங்கள். சிங்களத்தில் பேச்சுவழக்கில் ‘படி’ என்றால் சம்பளமேதான். தமிழில் பயணப்படி மாதிரிச் சம்பளத்துக்கு மேலே வருவது. கூலிப் பேச்சில் இதை அப்படியே எடுத்து வைத்தால் தீர்ந்தது கதை. தோட்டத்தில் ‘அரைப்பேர்’ என்றால் பாதி நாட்சம்பளம். கொழும்பிலிருந்து வரும் உரைபெயர்ப்பாளர் அதைப் பெயரின் பாதி என்று நினைக்கக்கூடும். முதல்நாள் தோட்டத்தில் இரண்டு பேரோடு இருந்து 30, 40 சொல் எழுதிக்கொள்ளுங்கள். மொழியியல் படிப்புக்கு உண்மையான வேலை அங்கேதான்.

இன்னொன்று: பெயர்க்கும்போது ‘நான்’ என்றால் ‘நான்’தான். “அவர் சொல்கிறார்” என்று தொடங்கினால் யார் பேசுகிறார் என்றே குழம்பும். உரைபெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம்.

பதிவேடு:
தொழில் பற்றி. கூட்டங்களை மட்டும் நம்பி மாதம் ஓடாது. அரச ஆவணங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சி, முகாமைக் கையேடு, படிவ வேலைகள் அதோடு சேர்ந்து வரும்.

சட்டத்தையும் கையில் வைத்திருங்கள். 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, 1988 இல் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி விதிகளை விரித்தது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் முறைப்பாட்டை ஏற்பது 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு. “தமிழில் கடிதம் தருவதில்லை” என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நகராது. திகதி, அலுவலகம், கேட்ட மொழி, கிடைத்த மொழி, அந்தக் கடிதத்தின் பிரதி ஆகியவற்றை வையுங்கள். விஷயம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் வரை போகக்கூடியதென்றால் ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும், பலரும் அந்த நாளைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

பிரதேச செயலகத்தில் தமிழ் தெரிந்தவர் எந்த மேசையில் இருக்கிறார் என்று ஊகிக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும்.

லயக்கரை:
நன்றி. கூட்ட அறிவித்தலை இரு மொழியிலும் அச்சடிக்கிறோம். அதில் கவனிக்க ஏதாவது?

காதுக்குள்:
பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தாகிக் குழம்பும். யூனிகோடில் அடித்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுங்கள். தமிழ் தெரியாதவர் திரும்ப அடித்தால் ‘தாய்மார்’ ‘நாய்மார்’ ஆகிவிடும், பலகைகளில் பார்த்திருப்பீர்கள். மாதிரித் தாளை வாங்கித் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். சிங்களத்துக்கும் அதே அளவு எழுத்து, தமிழை அடியில் குறுக்கிப் போட விடாதீர்கள்.