வர்த்தூரில் கழுவியது கெலவரப்பள்ளியில் வந்தது

குழு: மேலவீட்டுப் பங்காளிகள் (பெங்களூர் – ஓசூர்)

மணி சித்தப்பா: [காணொளி]

மணி சித்தப்பா: ராத்திரி பெங்களூரில் நல்ல மழையாமே. இங்கே கெலவரப்பள்ளி அணை மதகிலிருந்து நுரை பொங்கிக்கொண்டு வருகிறது. தரைப்பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. பால்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சரோஜா அத்தை: பார்க்க ஊட்டி மாதிரி இருக்கிறதே மணி!

மணி சித்தப்பா: கிட்டே வந்து மோந்து பார் அக்கா, எந்த ஊட்டி என்று தெரியும்.

சரோஜா அத்தை: [பலமுறை முன்னனுப்பப்பட்டது] தமிழக விவசாயிகளை ஒழிக்கக் கர்நாடகம் இரவோடு இரவாக விஷத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது!! தமிழனாக இருந்தால் பகிரவும்!!

நிலா: பாட்டி, இதை வேறு எந்தக் குழுவுக்கும் அனுப்பிவிடாதீர்கள். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்குப் போகும். வர்த்தூர் நிரம்பினால் தென்பெண்ணைக்கு. அடுத்த அணையே கெலவரப்பள்ளிதான். யாரும் திறந்துவிட வேண்டியதே இல்லை.

மணி சித்தப்பா: மழையைச் சாக்காக வைத்துக் கம்பெனிக்காரர்களும் விடுகிறார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள் அம்மா. தண்ணீர் கறுப்பாக வருகிறது. துணிச்சோப்பு கறுப்பாகுமா?

நிலா: சாக்கடை அழுகினாலே கறுக்கும் தாத்தா. கம்பெனிகள் விடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நுரைக்குப் பெரிய காரணம் வீட்டுச் சோப்புதான். சுத்திகரிக்காமல் வருகிற சோப்பு ஏரியின் அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஆக்ஸிஜன் இல்லாததால் சிதைவதில்லை. பெருமழையில் சேறு கலங்கினால் அத்தனையும் கிளம்பி, தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிற இடத்தில் நுரைக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) ஆய்வாளர்கள் பெல்லந்தூரைப் பார்த்துச் சொன்னது.

பெரியப்பா: நான் எச்.ஏ.எல். விமானக் கம்பெனி வேலையில் சேர்ந்த காலத்தில் அந்த ஏரியில் மீன் வாங்கிச் சமைத்திருக்கிறோம். உன் பெரியம்மாவைக் கேள். 2018-ல் அதே ஏரி தீப்பிடித்து, அணைக்க ராணுவம் வந்தது. தண்ணீரில் தீ! பசுமைத் தீர்ப்பாயம் அந்த வருடக் கடைசியில், ஏரிகளைச் சுத்தம் செய்ய, 500 கோடியைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. தூர்வாருகிறார்கள், தூர்வாருகிறார்கள், இன்னும் தூர்வாருகிறார்கள்.

ரேவதி: கார்த்தி, உங்கள் அபார்ட்மெண்ட் எஸ்டிபி, அதுதான் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பிளாண்ட், ராத்திரியில் ஓடுகிறதா?

கார்த்தி: வந்துவிட்டாயா அக்கா.

ரேவதி: கரண்ட் பில்லைக் குறைக்க, அதில் காற்று ஊதுகிற ப்ளோயரை ராத்திரி நிறுத்துகிறோம் என்று நீதானே சொன்னாய்? அசோசியேஷன் கமிட்டியில் வேறு இருக்கிறாய்.

நிலா: ப்ளோயர் நின்றால் காற்று இல்லாமல், கழிவைத் தின்கிற பாக்டீரியா செத்துப்போகும் மாமா. காலையில் திரும்பப் போட்டாலும் அது பழைய நிலைக்கு வர நாளாகும்.

கார்த்தி: தெரியும். ஆனால் ஒரு நகரத்தின் சாக்கடைக்கு என் ஃப்ளாட்டை மட்டும் பிடித்தால் எப்படி? 2007-ல் 110 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி உடனே வந்தது, பாதாளச் சாக்கடை வரவில்லை. எங்களுக்கான காவிரிக் குடிநீர்த் திட்ட ஐந்தாம் கட்டத்தின் திறப்பு விழா 2024 அக்டோபரில். அதுவரை குளிக்க டேங்கர். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை, தண்ணீர் கொண்டுவருவதிலிருந்து கழிவைச் சுத்தம் செய்வதுவரை, வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பில்டர் சின்ன எஸ்டிபியைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். மெயின்டனன்ஸை ஏற்றலாம் என்று கூட்டத்தில் சொன்னேன், என்னைக் கடித்துக் குதறினார்கள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தனி வீடுகள், பிஜி விடுதிகள், அவற்றுக்கு எஸ்டிபியே கிடையாது. நேராக ராஜகாலுவேதான், ஏரிக்குப் போகிற மழைநீர்க் கால்வாய்.

பெரியப்பா: அதில் நியாயம் இருக்கிறது.

ரேவதி: நியாயம் இருக்கட்டும் பெரியப்பா. ப்ளோயர் ஓடுகிறதா?

கார்த்தி: இல்லை.

சரோஜா அத்தை: சண்டை போடாதீர்கள். கார்த்தி மனைவி தீபாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப்போகிறது, சீமந்தத்துக்குக் காய்க் கணக்கே யாரும் சொல்லவில்லை. சமையல்காரர் கேட்கிறார். மணி தோட்டத்திலிருந்து கோஸ், காலிஃபிளவர், தக்காளி வந்தால் கடையில் வாங்க வேண்டியதில்லை.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி சித்தப்பா: நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன் தம்பி.

கார்த்தி: சித்தப்பா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்.

மணி சித்தப்பா: [குரல் பதிவு, 2:10]

நிலா: பெரிய தாத்தாவுக்குக் குரல் பதிவு சரியாகக் கேட்காது என்பதால் எழுதிவிடுகிறேன்: “என் கோஸ் எங்கே போகிறது என்று நினைக்கிறாய்? ராத்திரி லோடு ஏற்றினால் விடியற்காலையில் பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட். அங்கிருந்து உன் வீட்டு வாசலுக்கு வருவது என்னுடையதா, பக்கத்துக் காட்டுக்காரருடையதா என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் பையனாக இருந்தபோது சித்திரையில் ஆறு வெறும் மணல். ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். இப்போது சித்திரையிலும் ஓடுகிறது, ஏனென்றால் நீங்கள் சித்திரையிலும் குளிக்கிறீர்கள். மடையில் இறங்கினால் கால் அரிக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, குடிக்கக் கேன் வாங்குகிறேன். நுரையை நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் தண்ணீரே நின்றுவிட்டால் இரண்டு கால்வாயிலும் சேர்த்து 8,000 ஏக்கர், கோடையில் என்ன செய்வது? அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.”

பெரியப்பா: இதை நீ இதுவரை சொன்னதே இல்லையே மணி.

நிலா: தாத்தா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. பெங்களூரில் கோரமங்களா–செல்லகட்டா பக்கத்துக் கழிவுநீரை 2018-லிருந்து சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். திட்டம் நாளுக்கு 44 கோடி லிட்டர். தொடங்கிய சில வாரத்திலேயே அங்கே ஒரு ஏரியில் நுரை வந்து, உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அப்புறம் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று கோலார் விவசாயிகள் கேட்கிறார்கள்.

மணி சித்தப்பா: அப்படியென்றால் சுத்தம் செய்தது அவர்களுக்கு, செய்யாதது எனக்கு.

பெரியப்பா: கோலார் நம்மைவிடக் காய்ந்த ஊரப்பா. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் இல்லை. தங்கவயலில் நம் சம்பந்தி வீடே இருக்கிறது, மறந்துவிடாதே.

ரேவதி: இதற்கெல்லாம் ஒப்பந்தம் எதுவும் இல்லையா நிலா?

நிலா: 1892-ல் மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் ஒன்று ஆனது, தென்பெண்ணையும் அதில் வரும். மேலே புதிதாக அணை கட்டக் கீழே இருப்பவரின் சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2018-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் மேலே தண்ணீரைத் தடுப்பதையும் திருப்புவதையும் எதிர்த்துத்தான். எவ்வளவு தண்ணீர் என்று சண்டை போட நமக்கு 130 வருடப் பழக்கம் இருக்கிறது. எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை அந்த அளவுக்கு யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேசினால் இந்தப் பக்கத்து ஊர்களும் தங்கள் சாக்கடை எங்கே போகிறது என்று சொல்ல வேண்டிவரும்.

சரோஜா அத்தை: சரிதான், ஓசூரில் மட்டும் என்ன, கங்கையா ஓடுகிறது?

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொதுக்கூட்டம். ப்ளோயருக்குத் தனி மீட்டர் வைத்து, ரீடிங்கைத் தினமும் அபார்ட்மெண்ட் குழுவில் போட வேண்டும் என்று கேட்கப்போகிறேன். நிறுத்தினால் எல்லோருக்கும் தெரியும். மெயின்டனன்ஸ் ஏறும். அனேகமாகத் தோற்பேன். உங்கள் காணொளியைக் காட்டலாமா சித்தப்பா?

மணி சித்தப்பா: தாராளமாகக் காட்டு.

கார்த்தி: “அது தமிழ்நாட்டுப் பிரச்சினை” என்பார்கள்.

மணி சித்தப்பா: கோஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

ரேவதி: 😂 சித்தப்பா, ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் என்ன காய் சமைக்கிறீர்கள்?

மணி சித்தப்பா: வீட்டுக்கு மட்டும் போர் தண்ணீரில் தனியாக நாலு பாத்தி போட்டிருக்கிறேன்.

நிலா: அப்போது மார்க்கெட்டுக்குப் போவது?

மணி சித்தப்பா: கால்வாய்த் தண்ணீர்தான். அஞ்சு ஏக்கருக்குப் போர் தண்ணீர் எங்கிருந்து வரும் அம்மா?

கார்த்தி: …

பெரியப்பா: ம்.

சரோஜா அத்தை: அப்படியானால் சீமந்தத்துக்கு அந்த நாலு பாத்தியிலிருந்து அனுப்பிவிடு மணி.

மணி சித்தப்பா: 250 பேருக்கு நாலு பாத்தி பத்தாது அக்கா.