நாள் முழுக்கத் தட்டச்சும் மவுஸும்: கைவலி வராமலிருக்க முதலில் எதை மாற்றுவது?

கேள்வி | பக்கம்கட்டுநர்

வணக்கம். நான் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகம் வடிவமைத்துத் தருகிறேன். காலையில் கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்வதும், பிற்பகலில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டுவதும், மாலையில் மெய்ப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதுமாக வேலை ஓடுகிறது. சில மாதங்களாக வலது முன்னங்கையின் மேற்புறத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுக்கமான ஒரு வலி இருக்கிறது. பக்கத்திலுள்ள சட்டகங்களை (எழுத்தும் படமும் அடங்கும் பெட்டிகளை) மவுஸால் இழுத்து நகர்த்தும்போது அது கூடுகிறது. இடது கையில் வலி இல்லை. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் அடித்து, தட்டச்சு செய்வதால், ஷிஃப்ட் விசையை அழுத்தும் சுண்டுவிரல் மாலைக்குள் சோர்ந்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போவதில்லை. மருத்துவர் பயிற்சிகள் சொல்லித்தந்து, கருவிகளையும் மாற்றச் சொன்னார். செங்குத்து மவுஸ், ட்ராக்பால் (மவுஸை நகர்த்தாமல் பந்தை உருட்டிச் சுட்டியை நகர்த்தும் கருவி), இரண்டாகப் பிரிந்த விசைப்பலகை ஆகிய மூன்றில் இப்போதைக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும். எதில் தொடங்கலாம்?

மறுமொழி 1 | இயன்முறையாளர்

மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. நீங்கள் குறிப்பிடும் இடத்தில் இருப்பவை மணிக்கட்டையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கும் தசைகள். மவுஸ் பொத்தானின்மேல் அழுத்தாமல் விரலைத் தூக்கிவைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அவை வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே, வாங்குவதற்கு முன் மவுஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எண்பலகையுடன் கூடிய முழு விசைப்பலகை ஏறக்குறைய 45 செ.மீ. அகலம் இருக்கும், எண்பலகை இல்லாதது சுமார் 36 செ.மீ.தான். எழுத்து விசைகளை உடலுக்கு நேராக வைத்துக்கொண்டால், இந்த 9 செ.மீ. வேறுபாடு முழுவதும் வலப்பக்கம் சேர்ந்து, மவுஸை எட்டுவதற்கு முழங்கை உடலைவிட்டு விலக வேண்டியதாகிறது. விசைப்பலகையின் பின்புறக் கால்களையும் மடக்கிவிடுங்கள். அவை பின்பக்கத்தை உயர்த்தி மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கின்றன.

செங்குத்து மவுஸ், உள்ளங்கை தரையைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கைகுலுக்கும் நிலையில் முன்னங்கையை வைக்கிறது. உங்களுக்கு அது உதவக்கூடும். ஆனால் எல்லாக் கைவலிக்கும் அதுவே மருந்து என்பது போல விற்கப்படுவது எனக்குக் கவலை தருகிறது. மணிக்கட்டுக் குகை நோய் (மணிக்கட்டிலுள்ள குறுகிய வழியில் நரம்பு அழுத்தப்படும் நோய்) உள்ளவர்களை வைத்துச் செய்யப்பட்டு, 2015இல் ‘அப்ளைட் எர்கனாமிக்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், செங்குத்து மவுஸ் மணிக்கட்டின் நிலையை மாற்றியதே தவிர, குகைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. அந்தக் குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் சேர்ந்து செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போகத் தொடங்கினால், கருவி மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மறுமொழி 2 | உருளைப்பந்து

ட்ராக்பால் பயன்படுத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. பந்து கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் வகையில், கை முழுவதும் பகிர்ந்துகொண்ட வேலை ஒரே விரலின்மேல் விழுகிறது. கட்டைவிரலின் அடியிலுள்ள தசைநாண் உறையில் வரும் வலியைச் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இலேயே விவரித்திருக்கிறார். நாள் முழுக்கச் சட்டகங்களை இழுக்கும் ஒருவர் அதை விலைகொடுத்து வாங்க வேண்டாம். பெரிய பந்து நடுவில் இருந்து, இரண்டு மூன்று விரல்களால் உருட்டும் வகையே உங்களுக்குப் பொருந்தும். இருபுறமும் ஒரே வடிவில் இருப்பதாகப் பார்த்து வாங்கினால், இடக்கைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் ‘கிளிக்லாக்’ என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்தபிறகும் இழுப்பு தொடரும். மறுபடி சொடுக்கினால்தான் விடுபடும். உங்கள் வலியைக் கூட்டுவது அழுத்திப் பிடித்தபடி நகர்த்தும் அந்த ஒரு செயல்தான் என்றால், செலவில்லாத இந்த வழியை முதலில் பாருங்கள். நகர்த்தும் தூரம் தெரிந்திருந்தால் அம்பு விசைகளாலோ, ஆயத்தொலைவுகளை (பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் எண்களை) நேரடியாக உள்ளிட்டோ சட்டகத்தை வைத்துவிடலாம், மவுஸே வேண்டாம்.

மறுமொழி 3 | விரல்நுனி

சுண்டுவிரலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை. விசைப்பலகை முறையை மாற்றினால் போதும். ‘வணக்கம்’ என்று ஒலிபெயர்ப்பில் அடிக்க எட்டு எழுத்து விசைகளும், ‘ண’வுக்காக ஒரு ஷிஃப்ட்டும் தேவை. தமிழ்99 முறையில் வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு விசைகளே. முதல் ‘க’வுக்குப் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற இந்த முறையில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருவதால் இரு கைகளும் மாறிமாறி உழைக்கின்றன. கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிஃப்ட் வேண்டும். நாள் முழுவதும் தமிழிலேயே வேலை செய்பவருக்கு இந்தச் சேமிப்பு மிகப் பெரியது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் இது கிடைக்கிறது. பழகும்வரை வேகம் குறையும் என்பதால், அவசர வேலை இல்லாத காலத்தில் தொடங்குங்கள்.

பக்கம்கட்டுநர்

மூவருக்கும் மிக்க நன்றி. என் மவுஸ் எண்பலகைக்கு அப்பால்தான் இருக்கிறது. கை நீட்டித்தான் எடுக்கிறேன். எண்பலகை இல்லாத விசைப்பலகையை முதலில் வாங்கிவிடுகிறேன். ஆனால் கணக்குப் பட்டியல்கள் உள்ள நூல்கள் வரும்போது எண்பலகை தேவைப்படுகிறதே?

இயன்முறையாளர்

தனியாக விற்கும் எண்பலகையை வாங்கி, தேவைப்படும்போது மட்டும் இடப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மவுஸின் இடத்தை அது பிடிக்கக்கூடாது. செங்குத்து மவுஸைச் சில வாரங்களுக்குப் பிறகும் வலி மிச்சமிருந்தால் யோசிக்கலாம். அப்போது உங்கள் உள்ளங்கை அளவுக்கு ஏற்றதாகவும், பொருந்தாவிட்டால் திருப்பித்தரக்கூடிய கடையிலும் பார்த்து வாங்குங்கள்.