படுவான்கரையிலிருந்து ரொறன்ரோவுக்குக் காணொளி அழைப்பு: ஆலோசனை தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகே வசிக்கும், செவிப்புலன் குறைந்த எங்கள் அம்மம்மா, ரொறன்ரோவிலுள்ள தம் மகளின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்வதால், வட்ஸ்அப்பில் படம் உறைந்தவுடன் உரையாடலே நின்றுவிடுகிறது. அழைப்புக்கான தரவைக் குறைக்கும் அமைப்பை இயக்கினால் இணைப்புத் துண்டிக்கப்படுவதில்லை. ஆனால் முகம் மங்கிவிடுகிறது, அது அவருக்குப் பயன்படாது. குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரம் நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்தங்கியிருப்பதால், சித்தி வேலை முடிந்து அழைக்கும் இரவு 8 மணி இங்கு காலை 6.30, அம்மம்மா அதற்கு முன்பே எழுந்து காத்திருப்பார்.

படுவான்கரையில் கூரைமேல் வெளி அன்டெனா பொருத்தி 4ஜி ரவுட்டர் பயன்படுத்துவோர், அதை எவ்வளவு உயரத்தில், எத்திசை நோக்கி வைத்தீர்கள், படம் தெளிந்ததா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். பேச்சைத் தமிழ் எழுத்தாக உடனுக்குடன் திரையில் காட்டும் செயலியை முதியவர்களுக்குப் பழக்கியவர்களின் அனுபவமும் எங்களுக்கு மிகவும் உதவும்.