சி.என்.சி. லேத்தில் புது ஜாப் (கடைய வேண்டிய பீஸ்) ஏற்றினால் எல்லா டூலையும் தொடணுமா, ஜி54 மட்டும் மாற்றினால் போதுமா?

லேத்_செட்டர்:
ஃபனுக் கன்ட்ரோல், 12 ஸ்டேஷன் டரட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை). டூலைத் தானே அளக்கும் டூல் செட்டர் கை இல்லை. ஜாப் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டூலையும் ஜாப் முகத்தில் தொட்டு, ஜியோமெட்ரி பக்கத்தில் (ஒவ்வொரு டூலின் ஆஃப்செட் எண்ணும் இருக்கும் திரை) இசட்0 அடித்து மெஷர் அழுத்துகிறேன். இசட் என்பது ஜாப்பின் நீளவாக்கு. ஜி54, அதாவது எல்லா டூலுக்கும் பொதுவான ஜாப் பூஜ்யத்தின் இடம், எப்போதும் 0. அடுத்த ஷிஃப்ட் செட்டர் "டூல் ஆஃப்செட்டில் கை வைக்காதே, ஜி54-ஐ மட்டும் மாற்று" என்கிறார். ஒரே மெஷினில் இந்த இரண்டு முறைகளும் சேர்ந்து ஓடாது என்பது தெரிகிறது. எதை வைத்துக்கொள்வது?

இசட்_பூஜ்யம்:
அவர் சொல்வதுதான் சரி. டூல் ஹோல்டரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது டூலின் கணக்கு. ஜாப், அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது ஜாப்பின் கணக்கு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுவிட்டால், ஜாப் மாறும்போது மாறாத டூலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு முறை ஜி54-இல் இசட் 0 வைத்து, சக் முகத்தில் 50 மி.மீ. பிளாக் ஒன்றை ஒட்டி வைத்து, டூல் ஒவ்வொன்றையும் அதில் தொடுங்கள். ஜியோமெட்ரியில் இசட்50. அடித்து மெஷர். இப்போது எல்லா டூலுக்கும் பூஜ்யம் சக் முகம்தான். அப்புறம் ஜாப்பை ஏற்றி, ஃபேஸிங் டூலால் முகத்தை லேசாகக் கடைந்து, இசட்டை நகர்த்தாமல் எக்ஸில் (குறுக்குவாக்கில்) மட்டும் வெளியே வந்து, ஜி54-இல் இசட்0 மெஷர். 86.4 என்று வந்தால் முகம் சக்கிலிருந்து 86.4 தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான், 12 டூலும் தயார். மெஷர் அழுத்தும்போது அந்த டூலின் ஆஃப்செட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதாவது எம்.டி.ஐ.யில் (கட்டளையைக் கையால் அடித்து ஓட்டும் முறை) டி0101 (1-ஆம் டூல், 1-ஆம் ஆஃப்செட்) கூப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எண் தப்பாக வரும்.

கடைசி_பாஸ்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 86.4 யாராலோ அழிந்து 0 ஆகிவிட்டால் என்ன நடக்கும்? எல்லா டூலும் சக் முகத்தையே ஜாப் முகம் என்று நினைத்து ரேபிடில் (வெட்டாமல் நகரும் அதிவேகத்தில்) உள்ளே போகும். லேத்_செட்டரின் முறையில் ஜி54 0 ஆகவே இருப்பதால் அழிவதற்கு எதுவும் இல்லை. மிஞ்சிப்போனால் யாராவது அதில் ஒரு பிளஸ் எண்ணை விட்டுவைத்திருப்பார்கள், அப்போது டூல் ஜாப்புக்கு வெளியே காற்றை வெட்டும். காற்றை வெட்டினால் நஷ்டமில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு டூலையும் தொடும்போது இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் சில்லு) மூக்கு உடைந்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று கண் பார்த்துவிடுகிறது. நான்கு டூல் மட்டும் ஓடும் ஜாப்புக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இசட்_பூஜ்யம்:
உங்கள் முறையிலும் மோதல் இருக்கிறது அண்ணே. புது ஜாப் பழையதைவிட 20 மி.மீ. நீளமாக வெளியே நிற்கிறது, 12 டூலில் ஒன்றை மட்டும் தொட மறந்துவிட்டார்கள். அந்த ஒரு டூல் ரேபிடில் ஜாப்புக்குள் நேராக இறங்கும். 12 எண்ணில் ஒன்று தப்புவதற்கு இருக்கும் வாய்ப்பு, ஒரே எண் தப்புவதற்கு இருக்கும் வாய்ப்பைவிட அதிகம்.

ஜி54 அழியும் என்ற பயம் நியாயமானது. ஸ்டாப்பர் வைத்து ஒரே இடத்தில் பிடிக்கும் ஜாப்பாக இருந்தால், புரோகிராம் தலையிலேயே ஜி10 எல்2 பி1 இசட்86.4 (ஜி54-இன் இசட்டில் 86.4 போடும் கட்டளை) எழுதிவிடுங்கள். சைக்கிள் தொடங்கும்போதெல்லாம் எண் தானாக உட்கார்ந்துவிடும்.

அரை_மைக்ரான்:
இருவரும் இசட்டை மட்டுமே பேசுகிறீர்கள். உண்மையில் சைஸ் கெடுவது எக்ஸில். ஜி54-இல் எக்ஸ் 0 ஆகவே இருக்கட்டும், ஸ்பிண்டில் மையம் ஜாப்புக்கு ஜாப் மாறாது. வெளி டயாவை லேசாக ஓட்டி, எக்ஸை நகர்த்தாமல் இசட்டில் வெளியே வந்து, மைக்ரோமீட்டரில் அளந்த டயாவை ஜியோமெட்ரியில் அடித்து மெஷர். அதற்கு முன் அந்த டூலின் வேர் (தேய்மானத் திருத்தம்) எண்ணை 0 ஆக்குங்கள்.

அதன் பிறகு திருத்தம் எல்லாம் வேர் பக்கத்தில்தான். 40.00 வர வேண்டியது 40.06 வந்தால் வேர் எக்ஸில் மைனஸ் 0.06, அதுவும் பிளஸ் இன்புட் சாவியில். வெறும் இன்புட் அழுத்தினால் ஏற்கனவே இருந்த திருத்தம் போய்விடும்.

கடைசி_பாஸ்:
இன்செர்ட் முனை மாற்றினால்? அப்போதாவது டூலைத் தொடச் சொல்வீர்களா?

அரை_மைக்ரான்:
தேவையில்லை, ஆனால் நம்பிவிடவும் கூடாது. சி.என்.எம்.ஜி. 120408 இன்செர்ட்டில் மூன்றாவது எழுத்து எம், அது துல்லிய வகுப்பு. அந்த வகுப்பில் மூலையின் இடத்துக்கே பிளஸ் மைனஸ் 0.13 மி.மீ. விட்டிருக்கிறார்கள். அதே மூன்றாவது எழுத்து ஜி என்றால் 0.025. எனவே வெளி டயா டூலில் எம் வகுப்பு முனையைத் திருப்பினால் வேர் எக்ஸில் 0.3 கூட்டி, ஒரு பாஸ் (ஒரு வெட்டு) ஓட்டி, அளந்து, மிச்சத்தைக் குறையுங்கள். அந்த அளக்கும் பாஸும் கடைசி பாஸ் எடுக்கும் அதே ஆழத்தில் இருக்கட்டும். போரிங் பாரில் (துளையின் உள்ளே கடையும் நீண்ட டூல்) இதை விட்டால் பார் வளைவதில் கணக்கு மாறும்.

கடைசி_பாஸ்:
சரி, இதில் எனக்கு மறுப்பில்லை. ஜி54 விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷிஃப்டில் ஒருவர் ஜி54-ஐ 0 ஆக்கி ஒரு டூலை ஜாப் முகத்தில் தொட்டு, அடுத்தவர் 86.4-ஐத் திரும்பப் போட்டால் அந்த ஒரு டூல் மட்டும் 86.4 தள்ளி நிற்கும். எந்த முறையானாலும் மெஷின் கதவில் எழுதி ஒட்டுங்கள். முதல் பீஸில் ஒவ்வொரு டூலையும் சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிடைக் குறைத்து, திரையில் மிச்ச தூரத்தைப் பார்த்தபடி இறக்குங்கள்.

லேத்_செட்டர்:
ஜி54 முறைக்கே மாறுகிறேன். ஒட்டுவதையும் செய்கிறேன். பார்ட்டிங் டூலுக்கு (பீஸை அறுத்துப் பிரிப்பது) எந்த ஓரத்தைத் தொடுவது?

இசட்_பூஜ்யம்:
சக் பக்க ஓரத்தை. டூல் அகலம் 3 என்றால், 50 நீள பீஸுக்கு புரோகிராமில் இசட்-53.

கடைசி_பாஸ்:
நான் அதே ஓரத்தை ஜாப் முகத்தில் தொட்டு இசட்3. அடிப்பேன். அப்போது புரோகிராமில் இசட்-50 என்றே இருக்கும், டிராயிங்கைப் பார்த்து சரிபார்க்க எளிது.

இசட்_பூஜ்யம்:
நாளை 2 மி.மீ. இன்செர்ட் போட்டால்?

கடைசி_பாஸ்:
இசட்2. அடித்துத் தொடுவேன். நீங்கள் புரோகிராமைத் திறக்க வேண்டியிருக்கும்.