உதவி: பிரான்ஸிலிருந்து ஊருக்கு என்ன வாங்கிப் போவது? (அவசரம்)

புதுப்பயணி:
ஆபீஸ் வேலையாக பிரான்ஸ் வந்தேன். சனிக்கிழமை கிளம்புகிறேன், இன்னும் யாருக்கும் ஒன்றும் வாங்கவில்லை. ஈஃபில் டவர் சாவிக்கொத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் இதெல்லாம் வேண்டாம், போன வருஷம் மச்சான் ஒருத்தர் வாங்கி வந்ததன் அடியில் சீனத் தயாரிப்பு என்று இருந்து, வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லி ஓட்டுகிறார்கள். பாரம்பரியமான பொருளாக, பிரான்ஸுக்கே உரியதாக இருக்க வேண்டும். சட்டென்று சொல்லுங்கள், ப்ளீஸ்.

தயிர்சாதம்:
யாருக்கு, எத்தனை பேருக்கு, கையில் எவ்வளவு இருக்கிறது, சைவமா அசைவமா, செக்-இன் பெட்டி உண்டா வெறும் கைப்பையா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் சட்டென்று சொல் என்றால் என்ன சொல்வது.

மொறுமொறு:
மக்கரோன் என்ற பாதாம் மாவு இனிப்புதான், வேறு யோசனையே வேண்டாம். பெட்டியே அழகாக இருக்கும்.

கடலோடி:
மக்கரோன் சென்னை வெயிலில் வந்து இறங்கும்போது பொடியும் பசையுமாக இருக்கும். நல்ல கடைச் சரக்கு நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது.

லாச்சப்பல்வாசி:
தம்பி, நான் பாரிஸில் கனகாலமாக இருக்கிறேன். ரிவோலித் தெரு நினைவுப்பொருள் கடைகளுக்குள் போகாதீங்கோ, காசு வீண். பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குள் போங்கோ, இங்கத்தைச் சனம் தங்கள் வீட்டுக்கு எதை வாங்குதோ அதை வாங்குங்கோ. கெராந்து கடல் உப்பு, பிரெத்தாஞ் வெண்ணெய் பிஸ்கட் தகர டப்பாவில், திஜோன் கடுகு விழுது. என் சொந்தக்காரர் எல்லாருக்கும் இதுதான் போகுது, ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

பழைய பேப்பர்:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது. சரி, வந்ததற்கு ஒன்று சொல்கிறேன். திஜோன் கடுகைப் பாரம்பரியம் என்று வாங்காதீர்கள். அது ஒரு செய்முறையின் பெயர் மட்டுமே, திஜோன் ஊரில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கடுகு விதை பெரும்பாலும் கனடாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, 2021-இல் அங்கே வறட்சி வந்து 2022-இல் பிரான்ஸ் கடைகளில் கடுகு அலமாரியே காலியாக இருந்தது. திஜோன் இருக்கிற பூர்கோஞ் வட்டாரத்து விதையில் செய்தது வேண்டுமானால் புட்டியில் ‘முத்தார்த் து பூர்கோஞ்’ என்று இருக்க வேண்டும், அதற்கு 2009 முதல் ஐரோப்பியச் சான்று உண்டு.

கடலோடி:
இன்னொன்று, கடுகு விழுது விமானத்தில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் பெட்டி பற்றிக் கேட்கிறார்கள். எதுவும் பிரச்சினை இல்லாத ஒரே பொருள் மார்செய் சோப்பு. கட்டியாக இருக்கும், உடையாது, ஒழுகாது.

மதுரைக்காரன்:
ஆண்களுக்கு ஒப்பினேல் கத்தி. 1890-இல் சவுவா மலைப்பகுதியில் தொடங்கியது, மரக்கைப்பிடி, 8-ஆம் எண் அளவு கைக்கு அடக்கம். கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் கத்தி மடங்காமல் பூட்டிக்கொள்ளும். மாம்பழம் நறுக்க அதைவிட நல்ல கத்தி நான் பார்த்ததில்லை. ஈ படம் போட்ட லகியோல் கத்தி பத்து யூரோவுக்குக் கிடைத்தால் தொடாதீர்கள், அந்தப் பெயரை யார் யாரோ எங்கெங்கோ செய்து குத்தி விற்கிறார்கள்.

பழைய பேப்பர்:
அது ஈ அல்ல, தேனீ.

புதுப்பயணி:
பாரிஸ் இல்லை, மார்செய். 23 கிலோ பெட்டி இருக்கிறது. அம்மா, மாமியார், மனைவி, ரெண்டு மச்சான், அப்புறம் ஆபீஸில் பத்துப் பேருக்குப் பொதுவாக ஏதாவது தின்ன. மொத்தம் 150 யூரோ. அம்மாவும் மாமியாரும் முட்டை தொடமாட்டார்கள்.

தயிர்சாதம்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம்! மக்கரோன் முழுக்க முட்டை வெள்ளைக்கருதான். அது அவுட்.

மல்லி:
மார்செய்யா? கொடுத்து வைத்தவர். பக்கத்தில் எக்ஸ் நகரத்து கலிசோன் வாங்குங்கள். பாதாமையும் சர்க்கரைப் பாகில் ஊறிய முலாம்பழத்தையும் அரைத்து, படகு வடிவில் வெட்டி, மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பூச்சு. முந்திரிக் கத்லி பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும், முட்டையும் இல்லை.

தயிர்சாதம்:
மல்லி அக்கா, அந்த வெள்ளைப் பூச்சிலேயே முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. மொந்தெலிமார் நூகா என்ற மிட்டாயிலும் அதே கதை. மார்செய் நவெத் பிஸ்கட் பூ வாசனையோடு கல் மாதிரி இருக்கும், கெடாது, ஆனால் பல கடைகளில் முட்டை சேர்க்கிறார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். முட்டை என்பதற்கு அட்டையில் ‘எஃப்’ என்று உச்சரிக்கிற சொல் இருக்கும், போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பாருங்கள், மெத்தென்ற மிட்டாய் எல்லாவற்றிலும் சந்தேகப்படலாம். பாத் து ஃப்ருய் என்ற பழ மிட்டாய் மட்டும் வழக்கமாக பெக்டினில் செய்வது.

லாச்சப்பல்வாசி:
முட்டை இல்லாதது வேணுமெண்டால் ஃபிளவிஞ்ஞி சோம்பு மிட்டாய். பழைய மடத்துக் கட்டடத்தில் இன்னும் செய்கினம். ஒரேயொரு சோம்பு விதை, அதைச் சுற்றிச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பூசிப் பூசி பட்டாணி அளவுக்குக் கொண்டுவருவினம். சின்னத் தகர டப்பா, மூடியில் பழைய காலத்துக் காதல் படம். பூர்கோஞ் சரக்குத்தான், ஆனால் நாடு முழுக்கச் சூப்பர்மார்க்கெட்டில் இருக்கு. ஆபீஸுக்கு நாலு டப்பா போதும்.

தயிர்சாதம்:
இது நல்ல யோசனை. மாமியாருக்கும் இதுவே ஆகும்.

கடலோடி:
மார்செய்யிலேயே இருந்துகொண்டு சோப்பைத் தவிர வேறு எதைப் பேசுகிறீர்கள்? ஆனால் துறைமுகத்து ஓரம் ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் அடுக்கி வைத்திருக்கும் வாசனைக் கட்டிகளை எடுக்காதீர்கள். உண்மையான மார்செய் சோப்பில் நிறமும் கிடையாது, சேர்த்த வாசனையும் கிடையாது. ஆலிவ் எண்ணெய் என்றால் பாசிப்பச்சை, மற்ற தாவர எண்ணெய் என்றால் வெள்ளை. கனசதுரக் கட்டி, ஆறு பக்கமும் முத்திரை, எண்ணெய் அளவு ‘72%’ என்று குத்தியிருக்கும். முகர்ந்தால் மலர் மணம் வராது, துவைத்துக் காயவைத்த வேட்டி வாசம் வரும். ஃபேர் ஆ ஷெவால், மரியுஸ் ஃபாப்ர், லெ செராய், சவோன்னெரி து மிதி என்று நாலு பழைய ஆலைகள் இன்னும் கொப்பரையில் காய்ச்சுகின்றன, அவற்றின் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கோல்பேர் மந்திரியாக இருந்து 1688-இல் போட்ட சட்டத்தில் வந்த செய்முறை இது.

பழைய பேப்பர்:
கோல்பேர் 1683-லேயே இறந்துவிட்டார், கடலோடி. ஐந்து வருஷம் கழித்து எழுந்து வந்தா சட்டம் போட்டார்? ஆணை வந்தபோது மந்திரியாக இருந்தது அவர் மகன். சோப்பு அட்டையில் எழுதியிருப்பதையெல்லாம் வரலாறு என்று இங்கே ஒட்டக் கூடாது.

கடலோடி:
அப்பாவோ மகனோ, சோப்பு நுரைக்கிறதா இல்லையா.

தயிர்சாதம்:
வரலாறு இருக்கட்டும். சோப்புப் பொருள் பட்டியலில் ‘சோடியம் டாலோவேட்’ என்று இருந்தால் அது மாட்டுக் கொழுப்பு. மார்செய் சோப்பு என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் மாமியாருக்கு வாங்கும்போது அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள். ‘சோடியம் ஒலிவேட்’ இருந்தால் ஆலிவ்.

மல்லி:
மனைவிக்கு, மார்செய் இருக்கிற புரோவன்ஸ் வட்டாரத்து அச்சுத் துணி பாருங்கள். மேஜை விரிப்பு, தோள்பை, சின்னச் சின்னப் பூ போட்டது, மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும்.

பழைய பேப்பர்:
அந்தத் துணிக்கு அங்கே பழைய பெயரே ‘எந்தியேன்’, அதாவது இந்தியத் துணி. சோழமண்டலக் கரையிலிருந்து போன பருத்தி அச்சுத் துணியைப் பார்த்துப் பழகிக்கொண்டது. அது விற்ற விற்பனையில் உள்ளூர்ப் பட்டு, கம்பளிக்காரர்கள் கூச்சல் போட, 1686-இல் அரசர் தடை போட்டு, இறக்குமதியும் கூடாது நகலெடுத்து அச்சடிப்பதும் கூடாது என்று ஆக்கி, 1759 வரை அந்தத் தடை இருந்தது. நம் கரையிலிருந்து போனதை நாமே யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கி வருவது நல்ல வேடிக்கை.

மல்லி:
அதனாலேயே வாங்கலாமே. கதையோடு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் சந்தோஷம்.

மதுரைக்காரன்:
இதென்ன பெருமை. அங்கே இப்போது இயந்திரத்தில் ஓடுகிற அச்சு, ஆலிவும் சிள்வண்டும் போட்டது. கையால் வரைந்த கலம்காரியோடு சேர்த்துப் பேசுவதே தப்பு.

பழைய பேப்பர்:
சேர்த்துப் பேசியது யார்? வழி எது என்று சொன்னேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

மதுரைக்காரன்:
படித்துவிட்டுத்தான் போட்டேன். எல்லாமே நம்மிடமிருந்து போனது என்ற பாட்டை எத்தனை தடவை கேட்பது. மிளகு போயிற்று, துணி போயிற்று, அடுத்து சோப்பும் நம்முடையது என்பீர்கள்.

மொறுமொறு:
பாப்கார்ன் எடுத்து வந்துவிட்டேன்.

தயிர்சாதம்:
ஐயா இரண்டு பேரும் தனியாக இழை போட்டுப் பேசுங்கள். சனிக்கிழமை பயணம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

மல்லி:
புதுப்பயணி, உங்கள் அம்மா கொலு வைப்பாரா?

புதுப்பயணி:
வைப்பார். ஏன்?

மல்லி:
அப்படியானால் சாந்தோன் வாங்குங்கள், இதுதான் என் கடைசி வார்த்தை! சுட்ட களிமண் பொம்மை, கையால் வண்ணம் பூசியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களை மூடிவிட்டதால் கிறிஸ்து பிறப்புக் குடிலை வீட்டிலேயே வைக்கும் வழக்கம் பெருகி, மார்செய்யில் லான்யெல் என்ற சிற்பி அச்சு செய்து மலிவாக வார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். 1803 முதல் மார்செய்யில் இதற்கென்றே கிறிஸ்துமஸ் சமயத்தில் சந்தை கூடுகிறது, மற்ற மாதங்களிலும் பட்டறைகளில் கிடைக்கும், துறைமுகத்துக்கு மேலே பானியே குன்றுச் சந்துகளில் தேடுங்கள். குடில் என்றாலும் பாதிப் பேர் ஊர்ச் சனங்கள்தான். பூண்டுச் சரத்தைத் தோளில் போட்ட கிழவி, சாணைக்காரன், மீன்காரி, மாவரைப்பவன், இரண்டு கையையும் மேலே தூக்கி வாயைப் பிளந்து நிற்கிற அப்பாவி ஒருத்தன். நம் கொலுவில் செட்டியார் கடைப் பக்கத்தில் அந்தப் பூண்டுக் கிழவியை வைத்துப் பாருங்கள், வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள்.

லாச்சப்பல்வாசி:
அக்கா சொன்னது சரி. சாமானை வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கோ, செய்தவரின் பெயர் கீறியிருக்கும். பிசின் பொம்மையும் கடையில் இருக்கு, அதுக்குக் கனம் இருக்காது, வண்ணமும் பளபளவென்று இருக்கும். தூக்கிய கை உடைஞ்சிடும், காலுறைக்குள் சுருட்டிக் கைப்பையில் வையுங்கோ.

கடலோடி:
சோப்பு, கத்தி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் நொவாய் சந்தைப் பக்கம் மெசோன் எம்பெரர் என்ற இரும்புச் சாமான் கடை, 1827-இல் தொடங்கியது. உள்ளே போனால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அங்கேயே ஒப்பினேலும் இருக்கும். கத்தியைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் மறந்தும் வேண்டாம்.

மதுரைக்காரன்:
ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் போனால் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே பாப்லோ என்ற இயந்திரத்தில், கடையில் தரும் வரிக் காகிதத்தை ஸ்கேன் செய்துவிடுங்கள். எல்லாக் கடையும் தராது, பணம் கட்டும் முன் கேளுங்கள்.

பழைய பேப்பர்:
சிள்வண்டு பீங்கான் என்று ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 1895-இல் மார்செய் பக்கத்து ஒபாஞ் ஊரில் லூயி சிகார் வடித்தது, ஆலிவ் கிளைமேல் உட்கார்ந்திருக்கும். ஆள் நடந்து போனால் கிறீச்சிடுகிற பிளாஸ்டிக் சிள்வண்டும் பக்கத்திலேயே விற்கும், அதை வாங்கினால் உங்கள் வீட்டில் அடுத்த பத்து வருஷத்துக்கு ஓட்டல் உறுதி.

தயிர்சாதம்:
என்ன வாங்கினீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தயிர்சாதம்:
ஹலோ?

புதுப்பயணி:
ஊர் வந்து சேர்ந்தாயிற்று. பூண்டுக் கிழவி, சாணைக்காரன், பச்சை சோப்பு ஆறு, ஒப்பினேல் ரெண்டு, சோம்பு மிட்டாய். மனைவிக்கு மேஜை விரிப்பு. சாணைக்காரனின் சக்கரம் மட்டும் கொஞ்சம் கழன்றது, ஒட்டிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மல்லி:
படம் போடுங்கள்!

கடலோடி:
சோப்பு எந்த ஆலை?

மஞ்சப்பை:
இதே இழையில் கேட்கிறேன், அடுத்த மாதம் சுவிட்சர்லாந்து போகிறேன், சாக்லேட் தவிர என்ன வாங்கலாம்?

தயிர்சாதம்:
யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்த ஊர், பெட்டி எத்தனை கிலோ?

பழைய பேப்பர்:
தேடல் பெட்டி மேலே இருக்கிறது.