பொதுக்காலம் இவ்வளவு நீளம், எப்படிச் செபிக்கிறீர்கள்?

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறேன், பத்து வருடமாகிறது. போன கிழமை பூசை முடிந்து வகுப்புக்குள் வந்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், பச்சை எண்டால் வளர்ச்சி எண்டு சொன்னீங்க. வெளியில ஒண்டுமே பச்சையா இல்லையே?"

ஜன்னலால் பார்த்தேன். கச்சான் காற்றில் வளவு முழுக்கப் புழுதி. புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. "அடுத்த கிழமை சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டேன்.

உண்மையில் அது என்னுடைய கேள்வியும்தான். தூய ஆவியானவர் வந்த பெந்தெகோஸ்து நாள் முடிந்தால், நத்தாருக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் வரை பொதுக்காலம்; பூசை வைக்கும் சுவாமிக்குப் பச்சை உடுப்பு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன் வரும் பொதுக்காலக் கிழமைகளையும் சேர்த்தால் வருடத்தில் 33 அல்லது 34 கிழமை. மற்றக் காலங்களில் எனக்குச் சிரமம் இல்லை. திருவருகைக் காலம் எங்களுக்கு மாரி. மின்சாரம் போன இரவில் கூரையில் மழை இரைய, மெழுகுதிரியோடு குந்தியிருந்தாலே காத்திருப்பது என்றால் என்னவென்று விளங்கும். தவக்காலம் வரும்போது பெரும்போக நெல் வீட்டுக்கு வருகிறது. புது அரிசி மணக்க மணக்க ஒருசந்தி இருப்பது கஷ்டம், ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

பெரிய நாட்கள் எங்களுக்குக் கண்ணீரோடேயே வந்திருக்கின்றன. 2004 நத்தாருக்கு மறுநாள் சுனாமியாகக் கடல் வந்தது. எங்கள் வீட்டில் பாலன் குடிலுக்குப் பக்கத்தில் இன்றும் மூன்று படங்கள் வைக்கிறோம். 2019 உயிர்ப்பு ஞாயிறு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர். அடுத்த கிழமை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை, நானும் போகவில்லை. அந்த நாட்களில் நான் செபித்தேன். சண்டை பிடித்தாவது செபித்தேன்.

அழுதுகொண்டு செபிக்க எனக்குத் தெரியும். ஒன்றுமே நடக்காத ஆடி மாதத்தில்தான் தெரியவில்லை. செபமாலையை எடுத்தால் மூன்றாம் மணியில் மனம் சந்தைக்குப் போய்விடுகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பிள்ளைக்கும் ஒரு பதில் வேண்டும்.

புளியந்தீவு அம்மா

மகள், நான் கோயிலில் பூசை உடுப்புத் தோய்க்கிறவள். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. உங்களுக்கு அலுமாரிக்குள் இருக்கிறதைச் சொல்கிறேன்.

வெள்ளை உடுப்புக்குச் சரிகை, மடிப்புக் குலையாது. சிவப்பு குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தெகோஸ்து, வேதசாட்சிகளின் நாள் என்று இடைக்கிடை வெளியே வரும். ஊதா வாங்கியபோது இருந்த நிறத்திலேயே இருக்கிறது. பச்சைதான் நைந்து போனது. கழுத்துப் பட்டியில் வியர்வை கறுத்து, சவர்க்காரம் போட்டு எவ்வளவு கசக்கினாலும் முழுக்கப் போகாது. வலது தோளில் நான் தைத்த தையல் இருக்கிறது. அதே பச்சை நூல் கடையில் கிடைக்கவில்லை, கொஞ்சம் வெளிறிய நூலால் தைத்தேன். கிட்ட நின்று பார்த்தால் தெரியும்.

சுவாமிமார் எத்தனையோ பேர் மாறிப் போய்விட்டார்கள். எல்லார் வியர்வையும் அந்த ஒரு பட்டியில்தான். அதைக் கசக்கும்போது எனக்குத் தானாகச் செபம் வரும், ஒவ்வொருவர் பேராக. மனம் சந்தைக்குப் போனால் போகட்டும். சந்தையில் நிற்கிறவர்களுக்காகச் செபியுங்கள்.

மானாவாரிக்காரன்

டீச்சர், நான் உன்னிச்சைப் பக்கம். முதலில் ஒரு திருத்தம்: குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கண்டங்களில் இப்போதும் சிறுபோகம் பச்சையாகத்தான் நிற்கிறது. பிள்ளையைக் கூட்டி வந்து காட்டலாம். என் பூமி மானாவாரி, அதில் பச்சை இல்லை.

ஆனால் எனக்கு வேலை கூடின காலம் இதுதான். பற்றை வெட்ட வேண்டும், உடைந்த வரம்பைக் கட்ட வேண்டும். ஆயித்தியமலை மாதா கோயில் திருவிழாவுக்கு செப்டெம்பர் தொடக்கத்தில் சனம் கால்நடையாகப் போகும்போது நான் அநேகமாக வரம்பில்தான் நிற்பேன். வீட்டுக்காரி கேனில் தண்ணீர் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுப்பாள். அதற்குப் பிறகு புழுதி உழவு, புழுதி விதைப்பு. மழைக்கு முன்னமே காய்ந்த மண்ணில் நெல்லை வீசிவிடுவோம். எறும்பு கொஞ்சம் இழுக்கும், குருவி கொஞ்சம் கொத்தும். மழை பிந்தினால் விதை அப்படியே மண்ணுக்குள் கிடக்கும். அந்த நாட்களில் நான் பெரிய செபம் ஒன்றும் சொல்வதில்லை. விடியப் போய் மண்ணைக் காலால் கிளறிப் பார்ப்பேன். "ஆண்டவரே, கிடக்கு" என்று மட்டும் சொல்வேன்.

பச்சை எங்கே என்று பிள்ளை கேட்டால், ஒரு பிடி விதை நெல்லைக் கையில் கொடுங்கள்.

கல்முனை மெதடிஸ்த்

எங்கள் சபையில் இந்த வாரங்களைப் பெந்தெகோஸ்துக்குப் பின் இத்தனையாம் ஞாயிறு என்று எண்ணுவோம். ஆவியானவர் வந்ததிலிருந்து எண்ணுகிறோம் என்ற நினைவு எனக்கு உதவுகிறது, அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஒரு வருடம்கூட முடியவில்லை. அந்தக் கொஞ்ச மாதத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இரு நூறு வருடம் தாண்டியும் மெதடிஸ்த மத்திய கல்லூரியில் மணி அடிக்கிறது. டீச்சர், பத்து வருடமாக ஞாயிறு தவறாமல் வகுப்புக்குப் போகிறீர்களே. அதையும் செபக் கணக்கில் சேர்க்கலாம் என்று நான் நம்புகிறேன்.

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலை இரவு இரண்டு தரம் வாசித்தேன். இன்று செபமாலையில் மீன் விற்கிற அக்கா வந்தா, அவவின் கால் வீக்கம் வந்தது, விரட்டவில்லை. ஐந்து தேவ இரகசியமும் முடித்தேன், பல மாதத்துக்குப் பிறகு.

சுவாமியிடம் கேட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு பிள்ளைகளைப் பூசை உடுப்பு வைக்கும் சக்கிறீஸ்து அறைக்குள் கூட்டிப்போய் எங்கள் கோயில் பச்சை உடுப்பின் கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

அண்ணா, புழுதி விதைப்பு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளைகள் பதினொரு பேர், வான் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் நாங்களே கொண்டு வருவோம்.